வண்ணத்துப்பூச்சியைக் காட்டி ஈஸ்டரைச் சொல்ல வேண்டாம்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வசந்த காலத்தில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். வெளியே மரம் துளிர்க்கிறது, பறவை கூடு கட்டுகிறது, பிள்ளைகள் மேஜையில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். வீட்டுக்குள்ளே ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து என்கிற தவநாட்கள் ஓடுகின்றன, பரிசுத்த வாரம் வருகிறது, ஈஸ்டர் வருகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே பாடமாகக் கட்டிவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். துளிரைக் காட்டி, "பாரு, செத்த மரம் உயிரோடு வந்துவிட்டது, இயேசுவும் இப்படித்தான்" என்று சொல்லிவிடலாம். கூட்டுப்புழுவைக் காட்டி அதுதான் கல்லறை என்று சொல்லிவிடலாம். இதற்கென்றே அச்சடித்த பாடத்தாள்களும் வண்ணம் தீட்டும் படங்களும் எவ்வளவோ இருக்கின்றன.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. சின்னப் பிள்ளைகளுக்கு வசந்தத்தைத் தனியாகக் கொடுங்கள், ஈஸ்டரைத் தனியாகக் கொடுங்கள், இரண்டையும் முழுசாகக் கொடுங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றை விளக்கப் போனால் பிள்ளைக்கு மரமும் சரியாகத் தெரியாது, உயிர்த்தெழுதலும் சரியாகத் தெரியாது.

எங்கள் வீட்டில் மூன்று பேர். பெரியவளுக்கு ஏழு முடியப் போகிறது, நடுவிலவனுக்கு ஐந்து, சின்னவளுக்கு மூன்று. இந்த வயதில் பிள்ளைகள் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். "அதுபோல" என்கிற வார்த்தை அவர்கள் காதில் விழுவதே இல்லை. மரம் செத்துப் பிழைத்தது என்றால் மரம் செத்துப் பிழைத்தது, அவ்வளவுதான். அதனால் நாம் முதலில் பார்க்க வேண்டியது, சொல்கிற விஷயம் உண்மையா என்பது.

மரம் செத்திருந்ததா? இல்லை. குளிர் முடிவதற்குள் ஒரு நாள் இலையில்லாத கிளை ஒன்றை எடுத்து நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டிக் காட்டுங்கள், அடியில் பச்சை தெரியும். மொட்டு ஒன்றைக் குறுக்கே வெட்டி பூதக்கண்ணாடியில் காட்டுங்கள். உள்ளே குட்டி இலைகள் மடித்து அடுக்கி வைத்திருப்பது தெரியும். வசந்தத்தில் விரியப்போகிற மொட்டைப் பெரும்பாலான மரங்கள் போன கோடையிலேயே கட்டி முடித்து, மேலே செதில் போட்டு மூடி வைத்துவிடுகின்றன. இலை உதிர்ந்து நின்ற அத்தனை மாதமும் அந்த மரம் உயிரோடுதான் இருந்தது, தயாராகவும் இருந்தது. என் பெரியவள் இதைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் கையில் கிடைத்த எல்லாக் கிளையையும் சுரண்டினாள். ஒரு கிளையில் மட்டும் அடியில் பழுப்பாக, காய்ந்து இருந்தது. "இது நிஜமாவே செத்தது" என்றாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. அந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றி, ஏனென்றால் வசந்தம் வந்தால் வீட்டுப்பள்ளிக்காரர்களுக்கு வருகிற முதல் கவலை அதுதான். பாடம் பாதியில் நிற்கிறதே, வருஷம் முடியப் போகிறதே, இவன் இன்னும் எழுத்துக்கூட்டித்தானே படிக்கிறான். ஆங்கிலேயக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) ஒரு கிறிஸ்தவர். வீட்டுவழிக் கல்வி செய்கிறவர்கள் நடுவில் இன்றைக்கும் அவர் பெயர் அடிக்கடி வருகிறது. ஆறு வயதுக்கு முன்னால் முறையான பாடமே வேண்டாம் என்றார். அதற்கு மேலும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்றார். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வானிலை ஓரளவு நன்றாக இருக்கிற நாளெல்லாம் பிள்ளைகள் நாலைந்து மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, துணியும் துவைத்து, சமையலும் செய்கிற அம்மாவுக்கு ஐந்து மணி நேரம் வெளியே என்பது நடக்கிற காரியமா என்று கேட்டால், தினமும் நடக்காது. ஆனால் பாடத்தைக் குறுக்கலாம் என்கிற பாதி யாராலும் முடியும். நாங்கள் வசந்தத்தில் காலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம், ஒவ்வொன்றும் கால் மணி நேரம். கதை கேட்ட பிறகு பிள்ளை தன் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவும் மேசன் வலியுறுத்திய முறைதான், தேர்வைவிட எவ்வளவோ மேல். மற்றதெல்லாம் வெளியே.

இந்த விஷயத்தில் இன்னொரு துருவம் சூசன்னா வெஸ்லி (1669–1742). மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பாடல்கள் எழுதிய சார்லஸ் வெஸ்லி இருவருக்கும் அம்மா. 19 பிள்ளைகளைப் பெற்று, 10 பேரை வளர்த்து ஆளாக்கியவர், அத்தனை பேருக்கும் வீட்டிலேயே எழுத்தறிவித்தவர். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் ஒரே நாளில் எழுத்துகள் அத்தனையும் கற்றுக்கொள்ள வேண்டும், அடுத்து நேராக ஆதியாகமம் முதல் அதிகாரம். காலையில் மூன்று மணி நேரம், மதியம் மூன்று மணி நேரம். எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் அந்த ஆறு மணி நேரத்தை நான் பின்பற்றப் போவதில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, அந்தப் பிள்ளையோடு மட்டும் தனியாக உட்கார்ந்து ஆத்துமாவுக்கடுத்த காரியங்களைப் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரிய ஆளான பிறகும் அந்த வியாழக்கிழமைகளை ஜான் ஏங்கி நினைத்திருக்கிறார். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இது தாராளமாக முடியும். பொழுது நீண்ட வசந்த நாட்களில், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் போதும். மற்ற இரண்டு பேரை அப்பா பார்த்துக்கொள்வார். மூன்று பேர் நடுவில் ஒருபோதும் வெளியே வராத கேள்விகள் அந்த நடையில் வரும்.

பொழுது ஏன் நீள்கிறது என்பதும் இந்த மாதங்களில் தானாகவே வந்து விழுகிற கேள்வி. சூரியன் நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று பிள்ளைகள் நினைப்பார்கள், பெரியவர்களிலும் பல பேர் நினைப்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் போவது ஜனவரி தொடக்கத்தில். வடபாதியில் அது நல்ல குளிர்காலம். காரணம் தூரம் இல்லை, பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பது. ஒரு விளக்கும் ஒரு பந்தும் குத்துவதற்கு ஒரு குச்சியும் இருந்தால் இருட்டு அறையில் பத்து நிமிஷத்தில் காட்டிவிடலாம். பந்தின் மேல்பாதி விளக்கைப் பார்த்துச் சாயும்போது கீழ்ப்பாதி விலகிச் சாய்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள், இங்கே துளிர்க்கும்போது அங்கே இலை உதிரும் என்பது வரைக்கும் புரிந்துவிடும்.

இதில்தான் எனக்கு முதல் பிடி கிடைத்தது. தென்பாதி உலகில் ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வருகிறது. அங்கே உள்ள சபைகளில் பொழுது குறைந்துகொண்டே போகும்போது, இலை விழும்போது, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஏதாவது குறைகிறதா? ஒன்றும் குறையவில்லை. அப்படியானால் ஈஸ்டருக்குத் துளிர் சாட்சி இல்லை, துளிர் இல்லாமலும் அது நிற்கிறது. பிள்ளைகளிடம் நான் இதை வாதமாகச் சொல்லவில்லை, பந்தைக் காட்டும்போது கீழே உள்ளவர்களுக்கும் இப்போது ஈஸ்டர்தான் என்று மட்டும் சொன்னேன். பெரியவள் உடனே, "அப்போ அவங்களுக்குப் பூ இருக்காதே" என்றாள். "இருக்காதும்மா, ஆனா இயேசு உயிரோட இருக்கிறார்ல" என்றேன். சரி என்று போய்விட்டாள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முதல் ஈஸ்டர் நடந்த இடத்தில் மழைக்காலம் என்பது குளிர்காலம். யூதர்களின் நிசான் மாதத்தில், அதாவது அவர்களுடைய பஸ்கா பண்டிகை வருகிற வசந்தத்தில், அங்கே வாற்கோதுமை அறுவடை தொடங்கிவிடும். விதை முளைக்கிற காலம் முன்னமே முடிந்துபோயிருக்கும். லேவியராகமம் 23இல் அறுப்பின் முதற்பலனான கதிர்க்கட்டை ஆசாரியனிடத்தில் கொண்டுவரச் சொல்லியிருப்பது இந்தச் சமயத்தில்தான். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது (1 கொரிந்தியர் 15) கிறிஸ்துவை முதற்பலன் என்று சொல்கிறாரே, அந்தப் படம் இங்கிருந்து வருகிறது. முதல் கட்டு வந்துவிட்டது, வயலில் மிச்சம் நிற்கிறது, அதுவும் வரும். துளிரை வைத்து நாம் சொல்ல நினைப்பதைவிட இது எவ்வளவு வலுவான பேச்சு! முளையைப் பார்த்து இனி என்ன ஆகுமோ என்று காத்திருக்கலாம். கையில் இருக்கிற கதிரைப் பற்றி அப்படி ஒரு சந்தேகம் இல்லை.

இனி அந்த வண்ணத்துப்பூச்சி. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு, ஏனென்றால் எங்கே திரும்பினாலும் இதுதான். புழு செத்து, கூட்டில் அடக்கமாகி, புது உடம்போடு எழுகிறதாம். கூட்டுப்புழு சாகவில்லை. உடம்பின் பெரும்பகுதி கரைந்து புதிதாகக் கட்டப்படுகிறது என்பது உண்மை, ஆச்சரியமான உண்மை. ஆனால் அத்தனை நாளும் அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. புழுவாக இருக்கும்போது ஒரு வாசனையை வெறுக்கக் கற்றுக்கொண்ட அந்துப்பூச்சிகளில் பல, சிறகு முளைத்த பிறகும் அதே வாசனையை விட்டு விலகிப் போனதாக 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கூட்டுக்குள் அவ்வளவு மாற்றம் நடந்தும் அதே ஜீவன்தான் தொடர்ந்து இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடியில் ஒரு புழு கூட்டுப்புழுவானபோது நடுவிலவன் தினமும் அதன்முன் உட்கார்ந்திருந்தான். குச்சியில் தொங்குகிற அது, ஜாடியை நகர்த்தினால் வெடுக்கென்று ஒரு ஆட்டு ஆட்டும். யாரோ கொடுத்த வண்ணம் தீட்டும் தாளில் கூட்டைக் கல்லறையாக வரைந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு, "இது தப்பும்மா, அது சாகலையே, ஆடுதே" என்றான். ஐந்து வயசுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதை அந்தத் தாள் மறுக்கிறது. நாளைக்கு அவன் பெரியவனாகி, இயேசு உண்மையில் சாகவில்லை, மயங்கிக் கிடந்து எழுந்துபோனார் என்று யாராவது சொல்லும்போது, அந்தக் கூட்டுப்புழு யார் பக்கம் சாட்சி சொல்லும்? நாமே சிறுவயதில் கொடுத்த படம் அது.

அதனால் வண்ணத்துப்பூச்சியை வண்ணத்துப்பூச்சியாகவே விட்டோம். வெளியே வந்ததும் சிறகு சுருங்கிக் கசங்கி இருக்கும். உடம்பிலிருந்து திரவத்தைச் சிறகின் நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும், காயும்வரை தொங்கியபடியே இருக்கும், அதற்குப் பிறகுதான் பறக்கும். அந்த நேரத்தில் தொடக் கூடாது. இதைப் பார்த்தபின் நான் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் "பை" என்று கையாட்டினாள். ஆண்டவர் செய்த ஒன்றை நன்றாகப் பார்த்தாயிற்று, அது போதும்.

பார்த்ததை எழுதி வைக்க ஒவ்வொருவருக்கும் ஒரு கோடில்லாத நோட்டு வைத்திருக்கிறோம். கில்பர்ட் ஒயிட் (1720–1793) என்று ஒரு ஆங்கிலேயப் போதகர் இருந்தார். பெரிய பயணம் எதுவும் போகாமல், தன் ஊரைச் சுற்றியே வருஷக்கணக்காகப் பறவைகளையும் பூச்சிகளையும் பார்த்து எழுதியவர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கிற சின்னஞ்சிறு பறவைகள் மூன்று வெவ்வேறு இனங்கள் என்று பாட்டைக் கேட்டே பிரித்துச் சொன்னவர். எழுத வராத பிள்ளைக்கும் இது முடியும், காது இருந்தால் போதும். எங்கள் நோட்டில் பெரியவள் தேதி போட்டு ஒரு வரி எழுதுவாள், நடுவிலவன் படம் போடுவான். தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால் வருகிறது, பிறகு முன்னங்கால், வாலை உடம்பே உறிஞ்சிக்கொள்கிறது என்பதெல்லாம் அவன் வரைந்த படத்தில் வரிசையாக இருக்கிறது. இதற்கு நான் எந்தப் பாடமும் எடுக்கவில்லை. பார்க்கப் பொறுமை இருந்தால் ஜீவன்கள் தாங்களே சொல்லிக்கொடுத்துவிடுகின்றன.

சரி, அப்படியானால் இயேசுவே விதையைக் காட்டிப் பேசவில்லையா என்று கேட்பீர்கள். பேசினார். கோதுமை மணி நிலத்தில் விழுந்து செத்தால்தான் பலன் கொடுக்கும் என்று யோவான் 12இல் தம் மரணத்தைப் பற்றித்தான் சொல்கிறார். மாற்கு 4இல், விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை அவனுக்குத் தெரியாமலே முளைத்து வளர்கிறது என்கிறார். அவர் பேசியது விதைத்து அறுத்துப் பழகிய ஜனங்களிடம். அவர்கள் கைக்கு மண் தெரியும். ஊறிய விதை எப்படி உருக்குலையும் என்று பார்த்தவர்கள் அவர்கள். நம் பிள்ளைக்கும் முதலில் அது கிடைக்கட்டும். கண்ணாடிக் குவளையின் உள்பக்கம் ஈரமான பஞ்சை வைத்து, ராத்திரி முழுக்க ஊறவைத்த பயறு விதையைக் கண்ணாடிக்கும் பஞ்சுக்கும் நடுவில் சொருகிவிடுங்கள். சில நாளில் தோல் கிழிந்து முதலில் வேர் கீழ்நோக்கி இறங்கும், பிறகுதான் தண்டு. குவளையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் வேர் மறுபடி வளைந்து கீழேதான் போகும். வித்திலைகள் தங்களிடம் இருந்ததையெல்லாம் செடிக்குக் கொடுத்துவிட்டு வதங்கி, சுருங்கி, உதிர்ந்துவிடும். இதையெல்லாம் பார்த்த பிள்ளையிடம் ஒரு நாள் அந்த வசனத்தை வாசித்தால் போதும், விளக்கம் ஒன்றும் வேண்டாம். ஒப்புமையை ஆண்டவரே சொல்லிவிட்டார், நாம் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை. பவுலும் விதையைச் சொல்லும்போது, விதைக்குத் தமது சித்தப்படி மேனியைக் கொடுப்பது தேவன் என்று முடிக்கிறார். தானாக நடக்கிறது என்று அவர் சொல்லவில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பறவைக் குஞ்சினால்.

ராத்திரி காற்று பலமாக அடித்து ஓய்ந்த ஒரு காலையில் மரத்தடியில் சிறகு முளைக்காத குஞ்சு ஒன்று செத்துக் கிடந்தது. (இடையில் ஒன்று. சிறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது பறக்கப் பழகுகிறது, தாய் பறவை பக்கத்திலேயே இருக்கும், அதை அப்படியே விட்டுவிட்டு விலகி வந்துவிடுங்கள். உடம்பில் சிறகே இல்லாத குஞ்சு உயிரோடு விழுந்திருந்து, கூடும் எட்டுகிற உயரத்தில் இருந்தால், மெல்ல எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனுஷ வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சரியல்ல.) இந்தக் குஞ்சு செத்துப்போயிருந்தது. பிள்ளைகள் குழி தோண்டிப் புதைத்தார்கள், மேலே கல் வைத்தார்கள். கை கழுவிக்கொண்டிருக்கும்போது நடுவிலவன் கேட்டான், "நாளைக்குத் தோண்டிப் பாக்கலாமாம்மா?"

அந்த வாரம் முழுக்க அவன் தொட்டியில் போட்ட பயறுகளைத் தினமும் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், வேர் வந்ததா என்று. எனக்குப் புரிந்துவிட்டது.

"வேண்டாம்ப்பா. அது விதை இல்ல. செத்துப்போச்சு."

"முளைக்காதா?"

"முளைக்காது."

"இயேசு மட்டும் வந்தாரே?"

அவனிடம் அன்றைக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இயேசுவும் நிஜமாகவே செத்துப்போனார். இந்தக் குஞ்சு மாதிரி, அசையாமல், மூச்சு இல்லாமல். அவர் உடம்புக்குள்ளே எதுவும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, காலம் வந்ததும் தானாக முளைக்க. யாராலும் எதுவும் செய்ய முடியாத அந்த இடத்தில் தேவன் அவரை எழுப்பினார். அதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்லை. லாசருவை இயேசு எழுப்பினார், ஆனால் லாசரு மறுபடி ஒரு நாள் இறந்துதான் போனான். இயேசு இனி சாகவே மாட்டார். அதனால்தான் நாம் ஈஸ்டருக்கு அவ்வளவு சந்தோஷப்படுகிறோம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அப்பாவிடம் போய், "குஞ்சை ஆண்டவருக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அவர் அன்றைய குடும்ப ஜெபத்தில் மத்தேயு 10ஐ எடுத்து, பிதாவின் சித்தமில்லாமல் ஒரு குருவிகூடத் தரையில் விழாது என்கிற இடத்தை வாசித்தார். வாசித்துவிட்டு, "தெரியும்" என்று மட்டும் சொன்னார். என்னால் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது.

கிளையைச் சுரண்டிப் பார்த்த பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சை இருந்த கிளையும் பழுப்பாகிப்போன கிளையும் வேறு என்று அவளுக்குத் தெரியும். பழுப்பானது துளிர்ப்பதுதான் ஈஸ்டர், பச்சையானது துளிர்ப்பது ஏப்ரல் மாதம். இதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து, எல்லாச் சாவும் ஒரு விதமான தூக்கம்தான், எல்லாம் தானாகத் திரும்பி வரும் என்கிற இனிப்பான பேச்சில் அவர்களை வளர்த்தால், வீட்டில் நிஜமாக ஒரு சாவு வருகிற அன்றைக்கு அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. வசந்தம் ஒவ்வொரு வருஷமும் வரும். தாத்தா அப்படி வர மாட்டார். அவர் எழுந்து வருகிற அந்த நாளை பூமியின் அச்சுச் சாய்வு கொண்டுவராது, தேவன் கொண்டுவருவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வானத்துக்கும் ஈஸ்டருக்கும் உண்மையாகவே உள்ள ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும், இது யாரும் வலிந்து ஒட்டியது இல்லை. பஸ்கா நிலாக்கணக்கில் வருகிற பண்டிகை, மாதத்தின் நடுவில், நிலா நிறைகிற சமயத்தில். கி.பி. 325இல் சபைத் தலைவர்கள் கூடிய நிசேயா சங்கம், எல்லாச் சபைகளும் ஈஸ்டரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்று முடிவெடுத்தது. பின்னால் நிலைத்த கணக்கு இது: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்து வரும் ஞாயிறு. அதனால்தான் ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5. சபையின் பௌர்ணமி அட்டவணைப்படி பார்ப்பது, வானத்துப் பௌர்ணமியோடு ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். கிழக்கத்தியச் சபைகள் பழைய ஜூலியன் நாட்காட்டியில் கணக்குப் போடுவதால் பல வருஷம் அவர்களுக்கு வேறு தேதி.

இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் முதல் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, நிலா தெரிகிற ராத்திரியெல்லாம் அதன் வடிவத்தை வரையச் சொன்னால் போதும். லெந்து நாட்கள் 40 என்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்த்தால் 46. அந்த நாட்களுக்குள் நிலா ஒரு முறை முழுசாகத் தேய்ந்து வளர்ந்து காட்டிவிடும். சங்கீதம் 104இல் காலங்களைக் குறிக்கச் சந்திரனைப் படைத்தார் என்று ஒரு வரி வருகிறது, அதே சங்கீதத்தில் குருவி கூடு கட்டுவதும் இருக்கிறது. வசந்தம் முழுக்க குடும்ப ஜெபத்தில் நாங்கள் அதையேதான் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்கிறோம். பெரிய வியாழன் இரவு வெளியே கூட்டிக்கொண்டு போய், கெத்செமனே தோட்டத்துக்கு மேலும் இப்படித்தான் நிறைந்த நிலா இருந்தது என்று காட்டினேன். பெரியவள் கேட்டாள், "அவ்வளவு வெளிச்சம் இருந்தா அவங்க எதுக்குப் பந்தமும் தீவட்டியும் எடுத்துட்டு வந்தாங்க?" யோவான் 18இல் அப்படித்தான் இருக்கிறது. ஒலிவ மரங்களின் நிழலாக இருக்கலாம். அவர் ஒளிந்துகொள்வார், தேட வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்திருக்கலாம். அவரோ தாமே முன்னால் வந்து "யாரைத் தேடுகிறீர்கள்" என்று கேட்டார். இவ்வளவு வருஷம் அந்த அதிகாரத்தைக் கேட்டிருக்கிறேன், தீவட்டியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நிலாவை வாரக்கணக்காக வரைந்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும்.

ஈஸ்டர் முடிந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிடுவது நம் சபைகளிலும் வீடுகளிலும் வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லெந்துக்கு நாற்பது நாள் கொடுக்கிறோம், உயிர்த்தெழுதலுக்கு ஒரே ஒரு காலை வேளையா? சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதை நினைக்கிற பெந்தெகொஸ்தே வரைக்கும் ஐம்பது நாள் இருக்கிறது. ஆண்டவர் நாற்பது நாளளவும் சீஷர்களுக்குக் காணப்பட்டார் என்று அப்போஸ்தலர் முதல் அதிகாரம் சொல்கிறது, அந்தச் சந்திப்புகள் எல்லாம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தது, எம்மாவுக்குப் போன இரண்டு பேர் கூடவே நடந்தும் அடையாளம் தெரியாமல் இருந்தது, தோமா தொட்டுப் பார்க்கக் கேட்டது, கரையில் நெருப்பு மூட்டி அவரே சீஷர்களுக்குச் சாப்பாடு தயாராக வைத்திருந்தது. பயமில்லாத, வெளிச்சமான கதைகள். வெளியே உட்கார்ந்து வாசிக்க ஏற்றவை. வாரத்துக்கு ஒன்று எடுத்தால் பெந்தெகொஸ்தே வரை வரும்.

இப்போது யோவான் 21இல் நிற்கிறோம். வலையில் 153 பெரிய மீன்கள் என்று எண்ணிக்கையோடு எழுதியிருக்கிறது. ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும். இதைப் பழங்காலச் சபையின் பெரிய போதகரான அகஸ்டீன் அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார். அவர் அதிலிருந்து எடுத்த உட்பொருளைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை, கணக்கை மட்டும் சொன்னேன். முதல் வரிசையில் ஒரு கல், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று பெரியவள் வெளியே முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போகிறாள். நடுவிலவன் கல் பொறுக்கித் தருகிறான், சின்னவள் நடுவில் புகுந்து இரண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். பதினோரு வரிசை முடிந்து 66 கல் ஆகியிருக்கிறது. இன்னும் 87 வேண்டும் என்று பெரியவள் விரல் விட்டு, தரையில் எழுதிப் பார்த்து, தானே கழித்துச் சொன்னாள். இன்றைக்குக் கணக்குப் பாடம் அதுதான், சாப்பிட்டுவிட்டு மிச்சக் கல்லைத் தேடப் போகிறோம்.